தாத்தாவின் பழைய பேனாவில் ஜிகினா மை ஊற்றலாமா?

ரோஸ்ஹில்_டீச்சர் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். இங்கே நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான், கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது, ஆனால் அழைக்கப்படுகிறவர் பெயரை மட்டும் கையால், தமிழில் எழுத வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. மொத்தம் 140 அட்டை. மொரீசியஸில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது, வீட்டில் கிரியோல்தான் பேச்சு. ஆனாலும் தன் பெயரைத் தமிழில் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பார்க்காதவர்கள் யாரும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் நம் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்தைத் தேடிப் பிடித்து "மிஸ், இது எனக்குப் படிக்க வருது" என்று ஓடி வருவார்கள், அந்த முகத்தைத்தான் இந்த 140 அட்டையிலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன விடுமுறையில் ரீயூனியனில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, சேன் தெனியில் ஒரு கடையில் எர்பின் கம்பெனியின் 1670 வரிசை மை ஒன்று வாங்கினேன், எமரோட் த ஷிவோர் என்று பெயர். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், காய்ந்தால் ஓரங்களில் சிவப்பு பளபளக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே பொன்தூள் தூவினதுபோல மினுக்கம். தீக்குச்சியில் தொட்டு என் பெயரை எழுதிப் பார்த்தேன், இரவு விளக்கடியில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாதான் கேள்வி. தாத்தா ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதினவர். அவர் வைத்திருந்த பார்க்கர் 51 இப்போது என்னிடம் இருக்கிறது. சாம்பல் உடல், வெள்ளி நிற மூடி, உள்ளே ரப்பர் மாதிரி ஒரு பையை உலோகக் கூட்டுக்குள்ளிருந்து அமுக்கி மை ஏற்றுகிற வகை. இதுவரை பார்க்கர் கம்பெனியின் சாதாரண க்விங்க் நீல மை தவிர வேறு எதுவும் அதற்குள் போனதில்லை. கல்யாணப் பெயர்களைத் தாத்தா பேனாவால் எழுத வேண்டும் என்று மனசில் ஒரு ஆசை. மைப் பெட்டியில் ஊற்றுப்பேனாவுக்கு ஏற்றது என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் புட்டியைத் திருப்பினால் அடியில் தங்க வண்டல் படிந்து கிடப்பதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. ஊற்றலாமா, கூடாதா? ஊற்றினால் என்ன ஆகும்?

---

மைக்கூடு எழுதியது:

டீச்சர், தயவுசெய்து அந்தப் பேனாவில் மட்டும் ஊற்றாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன்.

சாதாரண பேனா மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். கரைந்துவிட்டதால் அடியில் படியாது, காய்ந்து இறுகினாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கரைந்து வந்துவிடும். மினுக்கு மையில் அந்தச் சாயத்தோடு கண்ணுக்குத் தெரியாத அளவு செதில்கள் மிதக்கின்றன. பெரும்பாலும் மைக்கா, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொல்வார்களே அதேதான், மேலே மெல்லிய உலோக ஆக்சைடு பூச்சோடு. அது கரையவே கரையாது. தண்ணீரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு கனம், அதனால்தான் உங்கள் புட்டியின் அடியில் வண்டலாகக் கிடக்கிறது. புட்டியில் நடப்பது பேனாவுக்குள்ளும் நடக்கும். நீங்கள் மூடி வைத்த ராத்திரியில் அந்தச் செதில்கள் எங்கே தாழ்வான இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரும்.

பெட்டியில் எழுதியிருப்பது பொய் இல்லை. அதில் கோந்தும் அரக்கும் கிடையாது, அதனால் பேனாவை அரிக்காது, ஒட்டி இறுகாது. ஆனால் "ஏற்றது" என்பதற்குப் பின்னால் "நீங்கள் அதைக் கழுவ முடியுமானால்" என்று ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பார்க்கர் 51ஐக் கழுவுவதுதான் கஷ்டம்.

அந்தப் பேனா 1941இல் வந்தது. அதன் அழகே நிப் வெளியே தெரியாமல் ஒரு கூம்புக்குள் மூடியிருப்பதுதான். அந்தக் கூம்புக்குள் ஒரு சிறு உருளை இருக்கிறது, அதைச் சுற்றி மெல்லிய தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக, கூடுதலாக வரும் மையைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காக. உங்கள் பேனா அமுக்கி ஏற்றும் வகை என்பதால் பைக்குள் ஒரு மெல்லிய குழாயும் இருக்கும், அதில் குண்டூசி முனை அளவு ஒரு ஓட்டை. இத்தனை சந்துக்குள்ளும் காக்காப்பொன் போய் உட்கார்ந்தால் வெளியே கொண்டுவர வழி நிப் முனையின் அந்த ஒரே வாசல்தான். நூறு தடவை அமுக்கினாலும் மினுக்கம் வந்துகொண்டே இருக்கும். கூம்பைக் கழற்றலாம், ஆனால் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள், பதமாகச் சூடுகாட்டித்தான் திருப்ப வேண்டும், கை பழகாதவர் செய்தால் கூம்பு விரிசல் விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பாவின் பேனா ஒன்று, அதுவும் மூடுநிப் வகைதான், தீபாவளி அட்டைகள் எழுதுவதற்காக வெள்ளி மினுக்கு மை ஊற்றினேன். முதல் நாள் பிரமாதம். மூன்றாம் நாள் கோடு மெலிந்தது. ஒரு வாரத்தில் நின்றுபோனது. பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் கொடுத்தேன், சூடு கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கூம்பு கோணிக்கொண்டு திரும்பி வந்தது. இன்றைக்கும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

---

டர்பன்_பேனாக்காரன் எழுதியது:

டீச்சர் அக்கா, வணக்கம், டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து. மைக்கூடு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு மையையே மூடி வைத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் ஏழெட்டு வருஷமாக மினுக்கு மையில்தான் கடிதம் எழுதுகிறேன், டயமைன் கம்பெனி 2015இல் அந்த வரிசையைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மைகள் பெருகிவிட்டன. இதுவரை ஒரு பேனாவும் கெட்டதில்லை. மை எதுவாக இருந்தாலும் பேனாவைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நிப்பையும் அதற்குக் கீழே இருக்கும் நாக்கையும், ஃபீட் என்கிறோமே அதையும், என் கையாலேயே உருவி எடுக்க முடிகிறதா? முடிகிறது என்றால் தைரியமாக ஊற்றுவேன். ட்விஸ்பி ஈகோ வாங்கினால் பெட்டியிலேயே ஒரு சின்னத் திருகுசாவியும் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸும் வரும், முழுப் பேனாவையும் பிரித்துக் கழுவிப் பூட்டிவிடலாம். உடல் கண்ணாடிபோல இருப்பதால் எங்கே பொன் தங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், அதோடு உள்ளே பொன் புரளுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். லாமி சஃபாரியில் நிப் மட்டும் சுலபமாக வழுக்கிக்கொண்டு வரும். ஜின்ஹாவ் பேனாக்கள் பலவற்றில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாலே வந்துவிடும், விலையும் குறைவு, 140 அட்டைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். அமுக்கினால் நிப் வெளியே வரும் பேனாக்கள், மூடுநிப் பேனாக்கள், ரப்பர் பை வைத்த பழைய பேனாக்கள், இவை பக்கம் போகவே வேண்டாம்.

நிப் அளவு எம் (நடுத்தரம்) அல்லது பி (தடிமன்). மெல்லிய நிப்பில் மை வரும், ஆனால் பொன் கூடவே வராது, கோடு வெறும் பச்சையாக இருக்கும், அப்புறம் எதற்கு இந்த மை? ஒரு சின்ன விஷயம், பைலட் பேனாவில் போடும் கான்-40 கன்வெர்ட்டருக்குள், அதாவது மையை உறிஞ்சி வைக்கும் கழற்றக்கூடிய குழலுக்குள், குட்டி குட்டி உலோக மணிகள் இருக்கும். பேனாவை மெதுவாகச் சாய்த்தால் அவை உருண்டு வண்டலைக் கலக்கிவிடும். மினுக்கு மைக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

ஏற்றுவதற்கு முன் புட்டியைக் குலுக்காதீர்கள், நுரை வரும். மூடி இறுக்கமா என்று பார்த்துவிட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மோர் கடையும் மத்து மாதிரி உருட்டுங்கள், அப்புறம் இரண்டு மூன்று தடவை தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒட்டின வண்டல் முழுவதும் கிளம்பிவிட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்த கையோடு உடனே ஏற்றிவிட வேண்டும். போன் வந்தது, பேசிவிட்டு வருகிறேன் என்று போனால் பொன் திரும்பத் தூங்கிவிடும். கன்வெர்ட்டரை முழுக்க நிரப்பாமல் பாதி மட்டும் நிரப்புங்கள், உள்ளே புரள இடம் வேண்டும், சீக்கிரமும் தீரும். ஒரு தடவை ஏற்றினதை ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

எழுதுகிறபோது கோடு திடீரென்று வரளும். வரளத்தான் செய்யும். அப்போது அழுத்தாதீர்கள். தமிழ் எழுத்தில் ழ, ஞ, ணை என்று வளைவு அதிகம், வளைவில் அழுத்தினால் நிப்பின் இரண்டு காலும் விரிந்துவிடும், விரிந்த நிப்பை நேராக்குவது பெரும்பாடு. நிப் முனையை ஈரத் துணியில் ஒற்றி எடுங்கள், கன்வெர்ட்டரை ஒரு துளி மட்டும் முன்னால் திருகுங்கள், துளியைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். ஓடும். இரண்டு மூன்று அட்டைக்கு ஒரு தடவை மூடியைப் போட்டுப் பேனாவை மேலும் கீழுமாகச் சாய்த்து எடுப்பதும் நல்லது.

இரவில் வைக்கும்போது படுக்க வையுங்கள். நிப் கீழ்நோக்கி நிற்க வைத்தால் காலையில் மொத்தப் பொன்னும் நாக்குக்குள் இருக்கும்.

---

புதுக்கையெழுத்து எழுதியது:

அக்கா கேள்விக்குள் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். நான் பிளாக்ரிவரில் இருக்கிறேன், காலேஜ் மாணவன். இந்த மையெல்லாம் எனக்குக் கட்டுப்படி ஆகாது. வீட்டில் தங்கைக்குக் கைவேலைக்கு வாங்கின ஜிகினாத்தூள் நிறைய இருக்கிறது, சாதாரண நீல மையில் அதைக் கொஞ்சம் கலந்தால் இதே மாதிரி வராதா?

---

மைக்கூடு எழுதியது:

தம்பி, கலக்காதே. கைவேலை ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக் துணுக்கு, ஒரு துணுக்கே பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும், நிப்பின் நடுப்பிளவு அதைவிடக் குறுகல். முதல் எழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். மை வேண்டுமென்றால் முழுப் புட்டி வாங்காதே, நாலு பேர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கி 5 மில்லி 5 மில்லியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு அதுவே ரொம்ப நாள் வரும். இன்னொன்று, படம் வரையும் கடையில் "தங்க மை" என்று விற்பதில் அரக்கு அல்லது அக்ரிலிக் சேர்ந்திருக்கும், அது தொட்டு எழுதும் பேனாவுக்கு மட்டும்தான். எர்பின் கம்பெனியே அப்படித் தொட்டு எழுத மட்டும் தனியாக உலோக நிற மை விற்கிறது. அதனால் கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்காமல் எதற்கான மை என்று படித்துப் பார்த்து வாங்கு.

---

ரோஸ்ஹில்_டீச்சர் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதின எல்லோருக்கும் நன்றி. மைக்கூடு அண்ணா, உங்கள் அப்பா பேனா கதையைப் படித்ததும் எழுந்து போய்த் தாத்தா பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பேனாவில் ஊற்றப் போவதில்லை, அது முடிவாகிவிட்டது.

வீட்டில் கழற்றக்கூடிய சீனப் பேனா ஒன்று இருக்கிறது, எம் நிப். அதில் எழுதலாம். இன்னும் இரண்டு சந்தேகம். எழுதி முடித்த பிறகு எப்படிக் கழுவுவது, எவ்வளவு கழுவினால் போதும்? அடுத்தது, அக்கா கறுத்த அரக்கு நிறத்தில் உறை வாங்கியிருக்கிறாள், மேலேயும் இதே மையில் பெயர் எழுதச் சொல்கிறாள். தங்கம் அதில் நன்றாக எடுத்துக் காட்டும் என்கிறாள். சரிதானா?

---

குரேபீப்_மழை எழுதியது:

டீச்சர், உறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் திருத்த உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கறுத்த தாளில் இந்த மை தெரியாது. பேனா மை ஒளி ஊடுருவுகிற சாயம், வெள்ளைத் தாளின் வெளிச்சம் அதன் வழியாகத் திரும்பி வருவதால்தான் நமக்கு நிறம் தெரிகிறது. அரக்கு நிற உறையில் எழுதினால் ஈரக்கறை மாதிரி ஒரு தடமும் அங்கங்கே நாலு பொட்டுத் தங்கமும்தான் மிஞ்சும். கறுத்த தாளுக்குத் தங்க நிற வாட்டர்கலர் வில்லையைத் தூரிகையால் குழைத்து, தொட்டு எழுதும் நிப்பில் தடவி எழுத வேண்டும், அது தாளை மூடி நிற்கும். அல்லது உறை மேல் ஒரு வெள்ளைத் தாள் பட்டை ஒட்டி அதில் எழுதுங்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம் மழை. நான் குரேபீப்பில் இருக்கிறவன், இங்கே உறை ஒன்று கையிலிருந்து கைக்குப் போவதற்குள் ஒரு தூறலாவது பார்த்துவிடும். மினுக்கு மையின் சாயம் பெரும்பாலும் நீருக்குத் தாங்காது, பெயர் கரைந்து பொன்தூள் மட்டும் அனாதையாக நிற்கும். உறைமேல் எழுதியே ஆக வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை மெழுகுவத்தி ஒன்றை எடுத்துப் பெயர்மேல் லேசாகத் தேய்த்துவிடுங்கள், மெழுகு தண்ணீரை உருட்டித் தள்ளிவிடும். என் அம்மா தபால் உறைகளுக்கு அப்படித்தான் செய்வாள். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மினுக்கு மையை உள்ளே இருக்கும் அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

அந்த அட்டை வழவழப்பானதா என்றும் பாருங்கள். மையை உறிஞ்சுகிற தாளில் பொன் நாருக்குள் இறங்கி மங்கிவிடும், சிவப்புப் பளபளப்பும் வராது. கிளேர்ஃபோன்தேன் நோட்டுத் தாள் மாதிரி இறுக்கமான தாளில் இரண்டும் மேலேயே நிற்கும், ஆனால் காய நேரம் பிடிக்கும், நம் ஈரக்காற்றில் இன்னும் கூட. மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பி வைக்க இடம் செய்துகொண்டு உட்காருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்களானால் ஒருவர் பெயர் இன்னொருவர் முதுகில் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு உபரி அட்டையில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

இனிக் கழுவுவது. சாதாரணத் தண்ணீர், வெந்நீர் வேண்டாம். கன்வெர்ட்டரைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். நிப் இருக்கும் கழுத்துப் பகுதிக்குப் பின்பக்கமாக, குழந்தைக்கு மூக்கு உறிஞ்சுகிற ரப்பர் குமிழ் மருந்துக்கடையில் கிடைக்குமே, அதை வைத்துத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கன்வெர்ட்டரால் முப்பது தடவை இழுத்து விடுவதை இது மூன்று தடவையில் முடித்துவிடும். சாயம் போய்த் தண்ணீர் தெளிந்ததும் கழுவியாகிவிட்டது என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள், மினுக்கு மையில் அங்கேதான் பாதி வேலையே ஆரம்பம். நிப்பையும் நாக்கையும் உருவி, மிருதுவான பல்துலக்கியால் நாக்கின் பல் இடுக்குகளையும் நடுவாய்க்காலையும் ஓடுகிற தண்ணீரில் வருடுங்கள். கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள், வாய்க்காலில் பொன்கோடு தெரியக்கூடாது. உடலின் உள்சுவரில் ஒன்றிரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது ஒன்றும் செய்யாது, அதற்காக ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம்.

பிடிவாதமாக நின்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். அதற்கும் மசியாவிட்டால்தான் அமோனியா, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஊற வைத்துவிட்டு உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை, இதை மறக்காதீர்கள்: ஜாவெல் என்று நாம் சொல்லும் ப்ளீச்சை அமோனியாவோடு சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை வரும். தனியாகவும் பேனாவுக்கு ஜாவெல் வேண்டாம், ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிப்பானும் வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துவிடும் அல்லது உருகிவிடும்.

புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் மைக்குள் பூஞ்சை பிடிக்கும். வண்டலுக்கும் பூஞ்சைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மினுக்கு மையில் வண்டல் இருப்பது இயல்பு என்று நினைத்துப் பூஞ்சையைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். வண்டல் அடியில் இருக்கும், உருட்டினால் புகைபோலக் கிளம்பிக் கலந்துவிடும். பூஞ்சை மேலே ஆடைபோலவோ நூல்நூலாகவோ மிதக்கும், கலக்கினாலும் கலையாது, மக்கின வாடை வரும். அப்படிப் பார்த்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொட்டிவிடுங்கள், அந்த மை தொட்ட பேனாவையும் நன்றாகக் கழுவுங்கள். வராமல் தடுக்க, பேனாவை நேராகப் புட்டிக்குள் விடாமல் தேவையான அளவு ஒரு சின்னக் குப்பிக்கு ஊற்றிக்கொண்டு அதிலிருந்து ஏற்றுங்கள், மிஞ்சினதைத் திரும்பப் புட்டிக்குள் ஊற்றாதீர்கள். மை கெட்டியாகிவிட்டது என்று குழாய்த் தண்ணீர் சேர்க்கவும் கூடாது.

---

கண்ணாடிமுனை எழுதியது:

எல்லோரும் ஊற்றுப்பேனாவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு அட்டையில் ஒரு பெயர், அதிகம் போனால் இருபது எழுத்து. இதற்குக் கண்ணாடிப் பேனா போதுமே? 1902இல் ஜப்பானில் காற்றுமணி செய்கிற ஒரு கைவினைஞர் உருவாக்கியது என்று சொல்வார்கள். முனையில் முறுக்கு முறுக்காகப் பள்ளம் இருக்கும், ஒரு தடவை தொட்டால் சில வரி எழுதலாம், அடைக்க உள்ளே எதுவுமே இல்லை. டம்ளர் தண்ணீரில் இரண்டு சுற்று, துணியில் ஒரு துடைப்பு, கழுவும் வேலை முடிந்தது. தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மையைக் கலக்கிவிட்டால் பொன்னும் நிறைய வரும், ஊற்றுப்பேனாவைவிட அதிகமாகவே. கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

டர்பன் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. படுக்க வைப்பதைவிட நிப் மேல்நோக்கி நிற்க வைப்பதுதான் பாதுகாப்பு என்பது என் அனுபவம்.

---

டர்பன்_பேனாக்காரன் எழுதியது:

நிற்க வைத்தால் அடைக்காது, உண்மைதான். ஆனால் பொன்னெல்லாம் கன்வெர்ட்டரின் கடைசியில் போய்க் கட்டியாக உட்காரும், அடுத்த நாள் முதல் நாலு வரி மினுக்கமே இல்லாமல் வந்து அப்புறம் ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டும். படுக்க வைத்தால் நீளவாக்கில் பரவிக் கிடக்கும், உருட்டினால் சமமாகக் கலக்கும். இரண்டு மூன்று நாள் தொடப் போவதில்லை என்றால் எப்படி வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம், காலி செய்து கழுவிவிடுங்கள். கண்ணாடிப் பேனா யோசனை ரொம்ப நல்லது, எனக்கு அது தோன்றவே இல்லை.

---

ரோஸ்ஹில்_டீச்சர் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

உறை விஷயத்தில் அக்காவோடு ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச வேண்டியிருந்தது. ஒரு உறையில் எழுதிக் காட்டினேன், அப்புறம் அவளே வெள்ளைப் பட்டை ஒட்டலாம் என்று சொல்லிவிட்டாள். பட்டையில் தண்ணீருக்குத் தாங்குகிற கறுப்புப் பேனாவால் எழுதினோம், உள்ளே அட்டையில் மட்டும் ஷிவோர். கண்ணாடிப் பேனா ஒன்றைத் தோழி ஒருத்தி கொடுத்து உதவினாள். முதல் 90 அட்டை அதில்தான் எழுதினேன், ஒரு தடவை தொட்டால் இரண்டு பெயர் வந்தது, குப்பியைத் தீக்குச்சியால் கலக்கிக் கலக்கி எழுதினேன். மிச்சத்துக்குச் சீனப் பேனா. அதில் இருபதாவது அட்டையில் கோடு வரண்டது, கை தானாக அழுத்தப் போனது, டர்பன் தம்பி சொன்னது ஞாபகம் வந்து ஈரத்துணியில் ஒற்றினேன், ஓடியது. கழுவும்போது விளக்கடித்துப் பார்த்தேன், தண்ணீர் தெளிந்த பிறகும் நாக்கின் வாய்க்காலில் நீளமாக ஒரு பொன்கோடு! அதைப் பார்த்ததும் இதையா தாத்தா பேனாவுக்குள் விட இருந்தேன் என்று நெஞ்சு ஒரு நிமிடம் படபடத்துவிட்டது.

தாத்தா பேனாவும் கல்யாணத்தில் இருந்தது. நல்ல தண்ணீரில் அலசி, வழக்கமான க்விங்க் நீலம் ஏற்றி, மொய் நோட்டின் முதல் பக்கத்தில் பெண், மாப்பிள்ளை பெயரை அதில் எழுதினேன். என் அம்மா அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டு, கொடு என்று வாங்கி, கீழே அவள் அப்பா பெயரையும் எழுதினாள். அவளுக்குத் தமிழ் எழுதி முப்பது வருஷம் இருக்கும், நாலு எழுத்துக்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாள், நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

புட்டியில் முக்கால்வாசி மை அப்படியே இருக்கிறது. பிளாக்ரிவர் தம்பி, ரோஸ்ஹில் பக்கம் வந்தால் தனிச்செய்தி அனுப்பு, கழுவிக் காயவைத்த குப்பி ஒன்று கொண்டு வா, 10 மில்லி ஊற்றித் தருகிறேன்.